முதல் கவளம் அவருக்கு

அன்று பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு என் அக்கா, யாரிடமும் சொல்லாமல், தோட்டத்துச் சமையல் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு மணிக்குப் பந்தி. பந்திக்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்னைப் போன்ற தகப்பன் கடிகாரத்தையும் சட்டைப் பையையும் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. சட்டைப் பையில் என் மகளுக்கான அவசர ஊசி இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். அக்காவின் அரக்குப் புடவைத் தலைப்பு கொட்டகைக் கதவுக்குள் மறைந்தது. கை கழுவப் போகிறாள் என்று நினைத்தேன்.

இன்றைக்கும் சாப்பாட்டு வேளையில் யாராவது எழுந்து உள்ளே போனால் என் கை சட்டைப் பைக்குப் போய்விடுகிறது. மகள் வேறு ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பையில் பேனா மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் கை போகிறது.

அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன் அந்தத் தோட்டத்துக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உண்மையில் அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவர் பெயரைப் போடவில்லை. "என்னைப் பத்தி என்ன வேணா எழுதுங்க, பேரு மட்டும் போட்றாதீங்க. பேரு போட்டுட்டா அப்பறம் நான் கதை அளக்க முடியாதுங்க" என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மைசூரிலிருந்து மேல்கோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி அவருடைய தோட்டம் என்று சொன்னால் கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவர் தோட்டதம்மா. கன்னடத்தில் தோட்டத்து அம்மா. எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, காதில் மட்டும் பெரிய வைரக்கம்மல். அந்தக் கம்மலைக் கழற்றாமல்தான் களை எடுப்பார். மனிதர்களை மெதுவாகக் கூப்பிடத் தெரியாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடும் குரலில்தான் பக்கத்தில் நிற்பவரிடமும் பேசுவார். அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் பாதிப் பேரோடு பேச்சு கிடையாது. மீதிப் பாதியோடு அந்த வாரம் சண்டை. சொந்த ஊர் ஹனூர் பக்கம், காடு தொடங்கும் இடம். பேச்சில் கொங்குத் தமிழ் வாசனை இருக்கும்.

இத்தனையும் இருந்தும் அவரை ஒரே ஒரு வழக்கத்தை வைத்துத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அவர் விருந்தாளிகளுக்கு முன்னால் சாப்பிடுவார்.

நம் பக்கத்தில் வீட்டுக்காரி கடைசியில் சாப்பிடுகிறவள். எல்லோரும் எழுந்த பிறகு பாத்திரத்தின் அடியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொள்கிறவளைத்தான் நாம் நல்லவள் என்போம். தோட்டதம்மா நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தோட்டத்துக்குச் சாப்பிட வருகிறவர்கள் இலைக்கு முன் உட்கார்ந்து பசியோடு காத்திருக்க, அவர் எல்லோருக்கும் எதிரில் ஒரு தனி இலையைக் கையில் ஏந்தி நிற்பார். ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி அதில் விழும். எங்களைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சாப்பிடுவார். ருசித்து, சத்தம் வர, விரலை நக்கிச் சாப்பிடுவார். பிறகும் பரிமாற விடமாட்டார். ஒரு கதை சொல்வார். கதை முடிந்தால்தான் பந்தி.

கதை எப்போதும் ஒன்றுதான். பாலாற்றுச் செக்போஸ்ட் பக்கத்தில் கல்யாண வீட்டு பஸ்ஸை யானை மறித்த கதை. அந்த பஸ்ஸில் அவர் சிறுமியாக இருந்தாராம். ஒரு வாரம் யானை சீர்வரிசைப் பலாப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். மறு வாரம் மாப்பிள்ளையின் தலைப்பாகையை எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரு தடவை யானையே இல்லை, கரடி.

"போன வாரம் யானைன்னு சொன்னீங்களே" என்று யாரோ கேட்டார்கள்.

"போன வாரம் பொரியல் காரமுங்க. யானை தேவைப்பட்டுச்சு" என்றார்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. "அம்மா, விருந்தாளி சாப்பிட்ட அப்புறம் சாப்பிடறதுதான் நம்ம பண்பாடு" என்றார். தோட்டதம்மா வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். "பண்பாடு சரிதானுங்க. உப்பு சரியா இருக்குதான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பார்வையாளர்கள் பிடிக்கும். சாப்பிடும்போது யாராவது பார்க்காவிட்டால் கோபம்கூட வரும்.

காரணத்தை யாராவது கேட்டால்தான் சொல்வார். அவருக்குப் பால் ஆகாது. அந்தத் தோட்டத்தில் பாலோ தயிரோ வெண்ணெயோ நெய்யோ எதுவும் கிடையாது. எல்லாம் செடியிலும் மரத்திலும் மண்ணுக்கடியிலும் விளைந்தவை. பால் பொருள் ஒரு துளி கலந்திருந்தாலும் அவர் உதடு காட்டிக்கொடுத்துவிடும்.

"எனக்கு அரிப்போட போயிருமுங்க. சின்ன வயசுல ரொம்ப இருந்துச்சு, இப்பக் கொறஞ்சுபோச்சு. ஒரு கதை நேரத்துல உதடு சொல்லிரும். ஆனா வர்றவங்கள்ல யாருக்கு என்ன ஆகும்னு நமக்குத் தெரியுமா? அதான் நானே மொதல்ல."

என் மகள் மைதிலிக்கும் பால் ஆகாது. வயிற்றைப் புரட்டுகிற ஆகாது இல்லை. துளி உள்ளே போனால் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு விசிலடிக்கத் தொடங்கும். நான்கு வயதில் ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ ஆசையாக ஒரு துண்டு இனிப்பை வாயில் ஊட்டிவிட்டார்கள். அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது என் தோளில் அவள் மூச்சு எழுப்பிய சத்தத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிரஷர் குக்கரில் ஆவி வரத் தொடங்கும்போது கேட்கும் அந்த மெல்லிய சீறல் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்ட இடங்களில் எல்லாம் விசாரிப்பேன். எல்லாச் சமையல்காரர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "பாலே இல்லை சார், நெய் மட்டும்தான்." நம்மவர்களுக்குப் பால் வேறு, நெய் வேறு. பசுவை விட்டுப் புறப்பட்ட பிறகு எல்லாம் தனித்தனிக் குடும்பம். படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இதில் இல்லை. அக்காவே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், "பால்தானேடா ஆகாது? நெய் பாலா? உருக்கினா அது அக்னி பட்ட வஸ்து. ஒண்ணும் பண்ணாது."

அதனால் மைதிலி எந்தப் பிறந்தநாளிலும் எந்தப் பந்தியிலும் உட்கார்ந்ததில்லை. ஓரமாக ஒரு நாற்காலி, மடியில் எவர்சில்வர் டிபன் டப்பா. கூட இருக்கும் குழந்தைகள் கேக் தின்ற கையோடு அவளைத் தொட்டுவிடுவார்களோ என்று நான் பக்கத்தில் காவல். எட்டு வயதில் ஒரு நாள் ஆட்டோவில் வரும்போது கேட்டாள். "அப்பா, நான் வரிசைல உக்காரவே மாட்டேனா?"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினார்.

தோட்டதம்மாவிடம் எங்களை அழைத்துப் போனது என் மனைவி. அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். முதல் தடவை நாங்கள் மூவர் மட்டும் போனோம். கேட்டில் நின்று எங்கள் பைகளைத் திறந்து காட்டச் சொன்னார். என் மனைவியின் கைப்பையிலிருந்த டாபியை எடுத்து, வாசலில் இருந்த பழைய தகரப் பெட்டிக்குள் போட்டார். "போறப்ப எடுத்துக்குங்க. இங்க வர்ற சாக்லேட்டு, பிஸ்கட்டு எல்லாம் இந்தப் பொட்டிக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சமாதானமாக் கெடக்கும்."

அன்று நிலத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டே தின்னக் கொடுத்தார். பிடுங்கிய கடலைக்கொடியை உதறிப் பச்சைக் கடலை. வெள்ளரிப் பிஞ்சு. முற்றாத முள்ளங்கி. வெல்லப் பாகில் புரட்டிய பலாக்கொட்டை. ஒவ்வொன்றையும் முதலில் அவர் கடித்தார், பிறகு மைதிலியிடம் நீட்டினார். பச்சைக் காய்க்கு எதற்கு இந்தச் சோதனை என்று மனதுக்குள் சிரித்தேன். ஆனால் அவர் கடித்துக் காட்டிய ஒவ்வொரு தடவையும் என் தோள் கொஞ்சம் தளர்ந்ததைக் கவனித்தேன்.

கடைசியில் மண்சட்டியில் தயிர் வந்தது. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அந்தப் பாலைக் காய்ச்சி உறையவிட்ட தயிர். சோற்றில் பிசைந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து ஒரு கவளம் தான் தின்றார். யானையைக் கூப்பிட்டார், யானை வந்து போயிற்று. பிறகு மைதிலியின் இலையில் வைத்தார்.

ஒரு ஐயங்கார் வீட்டுப் பெண் அந்த வயது வரை தயிர்சாதம் தின்றதில்லை என்றால் வெளியில் சொல்ல முடியுமா? மைதிலி ஒரு வாய் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, புளிக்கறது."

"தயிர் அப்படித்தான்மா."

"இதையா எல்லாரும் தினம் சாப்பிடறா?"

என் மனைவி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். மைதிலி இரண்டாவது வாய் எடுத்தாள். மூன்றாவதுக்கு ஊறுகாய் கேட்டாள். தோட்டதம்மா என்னைப் பார்த்து, "ஊறுகா கேட்டுட்டாளா? அப்ப உங்க பொண்ணுதானுங்க, சந்தேகமே இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் போனோம். போகப் போகத்தான் அந்த வழக்கத்தின் கடுமை தெரிந்தது. ஒரு தடவை பெரிய அண்டா நிறைய அவரைக்காய்ச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அதில் கிடந்த கரண்டியைத் தூக்கிப் பார்த்து, "இது யாரு ஊட்டுக் கரண்டி?" என்றார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது என்று சமையலுக்கு உதவும் பெண் சொன்னாள். ருசி பார்க்கவில்லை, கதை சொல்லவில்லை. அண்டாவை அப்படியே எருக்குழியில் கவிழ்த்தார். அன்று வந்திருந்த எல்லோரும் வெறும் ராகிக் களியும் கடலைத் துவையலும்தான் சாப்பிட்டோம். எனக்கே அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. திரும்பும்போது காரில் என் மனைவியிடம் சொன்னேன். அவள், "உனக்கு வேண்டாம்னா சொல்லு, நானும் அவளும் மட்டும் வரோம்" என்றாள்.

தன் கல்யாணக் கதையை மட்டும் அவர் மாற்றிச் சொன்னதில்லை. சிறுமியாக இருந்தபோது பால் குடித்தால் வாய் புண்ணாகும். வீட்டில் நடிக்கிறாள் என்பார்கள். "பால் கசக்குதா சீமாட்டிக்கு?" என்று மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். தாலி கட்டியானதும் மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்கும் சடங்கில் இவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்திருக்கிறார். பெண்ணுக்கு வெட்கம் என்று ஊரே சிரித்து வாயில் ஊற்றிவிட்டது. மாப்பிள்ளையின் புது வேட்டி மேலேயே வாந்தி.

"ஊடே சிரிச்சுச்சு, ஏசுச்சு. அவரு ஒருத்தர்தான் என் வாயப் பாத்தாரு. ஒதடு வீங்கிருக்குதேன்னாரு. அன்னிக்கி இருந்து எங்க ஊட்டுல பால் வாங்கலைங்க. அந்த வேட்டிய அவரு போற வரைக்கும் நான் தூக்கிப் போடலைங்க" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் எழுந்து தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார்.

மைதிலிக்குப் பதினோரு வயது முடிந்தபோது பிறந்தநாளைத் தோட்டத்தில் வைப்பது என்று முடிவு செய்தோம். வகுப்புக் குழந்தைகள் எல்லோரும் வருவார்கள். ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. முதல் தடவையாக மைதிலி நடுவில் உட்காருவாள். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் யார் என்று தலையணைகளை வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். என் மாமியாருக்குக் கண் அறுவை என்பதால் மனைவி சென்னை போயிருந்தாள். உதவிக்கு மேல்கோட்டையிலிருந்து அக்காவை வரச்சொன்னேன்.

அக்கா என்னைவிடப் பெரியவள். மேல்கோட்டையில் கோயில் கைங்கரியம் உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நல்லவள், பிடிவாதக்காரி. சோற்றின் மேல் ஒரு துளி நெய் விழாமல் அது சாப்பாடு ஆகாது என்பது அவள் வீட்டு ஆசாரம். அந்தத் துளிக்கு அன்னசுத்தி என்று பெயர். நெய் பட்டால்தான் வெந்த அரிசி அன்னம்.

கேட்டில் குழந்தைகளின் சாக்லேட்டுகள் தகரப் பெட்டிக்குள் விழுந்தன. அக்காவின் முறை வந்தது. மஞ்சள் துணிப்பையை நீட்டினாள்.

"என்னங்கம்மா இது?"

"பெருமாள் பிரசாதம். மேல்கோட்டைலேர்ந்து வரேன்."

எல்லோருடைய பையையும் கவிழ்த்துப் பார்க்கும் தோட்டதம்மா, துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திறக்காமல் திருப்பிக் கொடுத்தார். பிரசாதப் பையை யார் சோதிப்பார்கள்? நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் தோன்றவில்லை.

பைக்குள் துளசிக்கும் குங்குமத்துக்கும் கீழே ஒரு சின்னப் பித்தளைத் தூக்கு இருந்தது.

ஒரு மணிக்கு இலை போட்டாயிற்று. அரச மரத்தடியில் நீளமாகப் பாய். நடுவில் மைதிலி, இரண்டு பக்கமும் அவள் ஒத்திகை பார்த்தபடியே தோழிகள். தோட்டதம்மா தன் இலையை ஏந்தி முன்னால் வந்து நின்றார்.

"ஊட்ட ஆயித்தா?" என்று குழந்தைகளைப் பார்த்துக் கத்தினார். சாப்பாடு ஆயிற்றா என்று மைசூரில் பார்த்தவுடன் கேட்கிற கேள்வி.

"இல்லா ஆன்ட்டி" என்று வரிசை முழுவதும் கத்தியது.

"எனக்கு இப்ப ஆகப்போகுது. பாத்துக்கிட்டே இருங்க."

குழந்தைகள் சிரித்தார்கள். சாற்றில் ஒரு வாய், பொரியலில் ஒரு வாய், பிறகு சோறு. ஒவ்வொன்றுக்கும் கண்ணை உருட்டினார். இலையை மடித்துவிட்டுக் கதையை ஆரம்பித்தார். பாலாற்றுச் செக்போஸ்ட், கல்யாண பஸ், இருட்டுகிற நேரம். "பஸ்ஸு கண்ணாடி வழியா யானை தும்பிக்கைய உள்ள உட்டுப் பொண்ணோட கழுத்து மாலைய..."

நின்றுவிட்டார்.

அந்த இடத்தில் அவர் நிறுத்துகிறவர் இல்லை. குழந்தைகள், "மேலே, மேலே" என்றார்கள். அவர் நாக்கை வெளியே நீட்டி மேலுதட்டைத் தடவினார். மறுபடியும் தடவினார். பரிமாறத் தயாராகச் சோற்றுப் பாத்திரத்தோடு நின்ற பெண்ணைப் பார்த்து, எப்போதும் இல்லாத மெல்லிய குரலில் சொன்னார்.

"கீழ வையி. யாரு எலயிலயும் உளுகக்கூடாது."

எழுந்து ஓடிப்போய் மைதிலியின் இலையைப் பார்த்தேன். தண்ணீர் தெளித்த வெறும் இலை. அவள் வாயைத் திறக்கச் சொன்னேன். "நான் ஒண்ணும் சாப்பிடலைப்பா" என்றாள். மறுபடியும் திறக்கச் சொன்னேன்.

"சமயக்கட்டுக்குள்ள யாரு போனது?" என்றார் தோட்டதம்மா.

பாயின் ஓரத்தில் நின்றிருந்த அக்கா முன்னால் வந்தாள்.

"நான்தான். சாதத்துல ஒரு துளி நெய் விட்டேன். கொழந்தைக்குப் பொறந்தநாள், சுத்தி பண்ணாத அன்னத்தை எப்படிப் போடறது? அதே கரண்டியால சாத்துமதையும், அதான் அந்தச் சாறையும், ஒரு கலக்குக் கலக்கினேன். நெய்தானே. பாலில்லையே."

ஆத்து நெய், அதாவது வீட்டில் காய்ச்சியது. கடையில் வாங்கும் தெளிந்த நெய்கூட இல்லை. அடியில் பழுப்பாகக் கசண்டு நிற்கும், அதில்தான் ருசி என்று அக்கா கசண்டோடு சேர்த்து எடுப்பாள். அந்த நெய்யை எனக்குத் தெரியும், அதைத் தின்று வளர்ந்தவன். கொதிக்கும் அண்டாவின் புகையிலும் தேங்காயெண்ணெய்த் தாளிப்பிலும் அந்த ஒரு துளியின் வாசனை யாருக்கும் தெரியவில்லை.

நான் அக்காவிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. குழந்தைகள் எல்லோரும் கேட்டார்கள். தோட்டதம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இருங்க. சத்தம் போட்டா அவங்களுக்குக் காதுதான் வலிக்கும். இங்க வாங்கம்மா." அக்காவை அருகில் கூப்பிட்டு, மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். உதடு ஒரு பக்கம் தடித்துச் சிவந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் தடித்தது. "நல்லாப் பாத்துக்குங்க. இது உங்க ஒரு துளி. எனக்கு இதோட நின்னுரும்."

அடுத்ததைச் சொல்லாமல் மைதிலியைத் திரும்பிப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

அக்கா இதை ஒரு தடவையும் கண்ணால் பார்த்ததில்லை. கல்யாண மண்டபத்தில் நடந்ததை நான் போனில் சொன்னதோடு சரி. கொஞ்ச நேரம் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டுப் பக்கம் நடந்துபோய்த் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"தப்பு எம்மேலயும் இருக்குதுங்க" என்றார் தோட்டதம்மா என்னிடம். "சாமி பையின்னு கண்ணுல ஒத்திக் குடுத்துட்டேன். இனிமே சாமியா இருந்தாலும் பொட்டிக்குள்ளதான்." ஒரு மாத்திரையை விழுங்கி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

பாயில் கிடந்த மைதிலியின் செருப்பை எடுத்தேன். "கிளம்பலாம்மா. வீட்டுக்குப் போயிடலாம்."

மைதிலி எழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கத்துத் தோழிகளின் கையையும் பிடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் சாப்பிடலையே. எதுக்குப் போகணும்?"

"கேக்கறா பாருங்க" என்றார் தோட்டதம்மா. "ஏனுங்க, எல வரைக்கும் வந்துச்சா? வரலைல்ல. புடிச்சாச்சு. புடிச்ச பொறவு எதுக்கு ஓடறீங்க? ஓடறதுன்னா அந்த நெய்யிதானுங்க ஓடோணும்."

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. என் மகளின் ஆயுளில் முதல் தடவையாக ஊரின் தவறு அவள் இலைக்கு வருவதற்கு முன்பே பிடிபட்டிருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. ஊசிப் பெட்டியைத் திறக்கவில்லை. அவள் சட்டைகூடக் கசங்காமல் வரிசையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு அம்மாள் பொய்க் கதை சொல்லிக்கொண்டு அந்த வழியில் குறுக்கே நின்றிருக்கிறார். செருப்பைக் கீழே வைத்தேன்.

சமைத்தது எல்லாம் எருக்குழிக்குப் போயிற்று. தோட்டதம்மா இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு கன்னடத்தில் ஒரு சத்தம் போட்டார். பசிக்கிறவர்கள் எல்லோரும் தன் பின்னால் வர வேண்டும், கையில் கிடைத்ததைப் பறிக்கலாம், ஆனால் தான் கடித்துக் காட்டாமல் ஒருவரும் வாயில் வைக்கக்கூடாது. குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். நகரத்துக் குழந்தைகள். கடலைச் செடியைப் பிடுங்கி அடியில் காய் தொங்குவதைப் பார்த்து ஒருவன் பயந்துபோய்க் கீழே போட்டான். மைதிலிதான் எடுத்து உதறிக் காட்டினாள். அவளுக்கு அந்த இடம் பழக்கம். எந்தப் பிஞ்சு இனிக்கும், எந்த மரத்துக் கொய்யா சிவப்பு என்று அவள் முன்னால் போக, எல்லோரும் அவள் பின்னால் போனார்கள். எத்தனையோ பிறந்தநாள்களில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் அவள்.

நான் இளநீர் வெட்டினேன். விரலை வெட்டிக்கொள்ளாமல் வெட்டினேன் என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன். பிரிக்காத மூட்டையிலிருந்து அவல் எடுத்து, புதுப் பாத்திரத்தில் இளநீர் ஊற்றி ஊறவைத்து, வெல்லமும் துருவிய தேங்காயும் சேர்த்தார்கள். பின்கட்டில் பூட்டி வைத்திருந்த கடலைத் தயிர்ச் சட்டிகள் வந்தன. அந்த அறைக்குள் யாரும் போகவில்லை என்பதற்குத் தோட்டதம்மாவின் இடுப்புச் சாவியே சாட்சி. வெள்ளரிக்காயை அரிந்து, ஊறிய பாசிப்பருப்போடு கலந்து எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். வாழைப்பழம், பப்பாளி, கடலை எல்லாம் பாயின் நடுவில் குவிந்தன.

அடுப்பே இல்லாமல் ஒரு விருந்து. குழந்தைகள் மறுபடியும் வரிசையில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை முகம் முழுவதும் மண்.

தோட்டதம்மா வீங்கிய உதட்டோடு புது இலையை ஏந்தி வந்து நின்றார். நான் அருகில் போய், "இன்னிக்கு வேண்டாம். நீங்க சாப்பிட வேண்டாம்" என்றேன்.

"உதடு வத்திக்கிட்டு வருதுங்க. மாத்திரை கேக்குது. மாத்திரை போட்ட உதடு சரியாச் சொல்லாதுதான், ஆனா இது அத்தனையும் பூட்டி வெச்சதும் நம்ம கண்ணு முன்னால பறிச்சதும். இப்ப நான் திங்காம இருந்தா, அப்பறம் இந்தப் புள்ளைங்க யாரு சொல்லி நம்பித் திங்கும்?" என்று சொல்லிவிட்டு, பக்கத்துச் சட்டியிலிருந்து ஒரு பெரிய கவளம் எடுத்தார். கடலைத் தயிர் விட்டுப் பிசைந்த அவல். வரிசை முழுவதும் அமைதியாக அவர் வாயையே பார்த்தது. அத்தனை பேர் அத்தனை கவனமாகப் பார்க்க அவர் அதுவரை சாப்பிட்டிருக்கமாட்டார். கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டார்.

யானை மறுபடியும் வந்தது. பெண்ணின் கழுத்து மாலையைப் பறித்தது, பஸ் டிரைவருக்குப் போட்டது. பெண்ணுக்கும் டிரைவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. குழந்தைகள் பாயில் புரண்டு சிரித்தார்கள். அவர் உதட்டை நாக்கால் ஒரு தடவை தடவினார். எல்லோரும் சிரிப்பை நிறுத்தினார்கள். இன்னொரு தடவை தடவினார்.

"போடு" என்றார்.

மைதிலியின் இலையில் விழுந்தது. வலது பக்கத்துப் பெண்ணின் இலையில், இடது பக்கத்துப் பெண்ணின் இலையில் அதுவே விழுந்தது. மூவரும் ஒரே நேரத்தில் கையை வைத்தார்கள். இடது பக்கத்துப் பெண், "நின்னது ஸ்வல்ப கொடு" என்று கன்னடத்தில் கொஞ்சம் கேட்டு, மைதிலியின் இலையிலிருந்தே ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மைதிலி என்னைப் பார்த்தாள். அவள் இலையிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் தலையாட்டினேன். என் கை சட்டைப் பையில் இல்லை என்பதைச் சற்றுக் கழித்துத்தான் கவனித்தேன்.

தோட்டதம்மா இப்போது அங்கே இல்லை. தோட்டத்தைத் தம்பி மகளிடம் கொடுத்துவிட்டு ஹனூர் பக்கம் போய்விட்டார். அங்கும் யாருடனோ வாய்க்கால் சண்டை என்று கேள்வி. விடுதியில் மைதிலி தன் அறைத் தோழிகளுக்கு யானைக் கதை சொல்கிறாளாம். யானை இப்போது ஹாஸ்டல் வார்டனைத் தூக்கிக்கொண்டு போகிறது.

அன்று பந்தி பாதி நடந்துகொண்டிருந்தபோது வரிசையின் கடைசியில் ஒரு இலை காலியாக இருந்தது. கேட்டுப் பக்கமிருந்து அக்கா வந்தாள். கையில் பை இல்லை. தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டியில் முழங்கை வரை கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

தோட்டதம்மா அவல் சட்டியோடு அவள் எதிரில் போய் நின்றார்.

"உங்களுக்கு நெய் இல்லாம எறங்குமாங்கம்மா?"

அக்கா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"எறங்கலைன்னா அந்த யானைக் கதையை எனக்கும் ஒரு தடவை சொல்லுங்கோ. கேட்டுண்டே முழுங்கறேன்" என்றாள்.